மிச்ச நீளம்

பலகை எழுத வந்த பையன்
'இங்கு தோள் வேலை செய்யப்படும்' என்று எழுதிவிட்டான்.
திருத்தித் தருகிறேன் என்று போனவனுக்கு
மண்டபத்தில் சுவர் விளம்பரம் கிடைத்தது,
இந்தப் பக்கம் வரவேயில்லை.
இருக்கட்டும்.
எழுதியது பொய்யில்லை.

எந்த வாத்தியத்துக்கு வார் கேட்டாலும்
முதலில் ஆளைத்தான் அளப்பேன்.
சட்டையைக் கழற்று என்றால்
பேண்டு செட்டுப் பயல்கள் நெளிவார்கள்,
'பெல்ட்டக்கா, கதவைச் சாத்துங்க' என்பார்கள்.
கடலுக்குப் போகிறவனுக்கு
இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இராது.
இழுத்த பக்கம் ஒரு விரல்கடை இறங்கும்.
இன்னாசிக்கு இரண்டு.
தங்கச்சிமடத்தில் பெரிய டிரம்மை
அந்தச் சரிவில் நிறுத்துவது
என் கணக்கு.

தோல் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வரும்,
ஆவாரம்பட்டையில் பதமான எருமை.
முதுகில் வெட்டினால் வார் நிற்கும்.
வயிற்றில் வெட்டினால்
இரண்டு திருவிழாவில் இளகி
டிரம் முழங்காலில் இடிக்கும்.
பக்கிள் பித்தளைதான், பேரம் கிடையாது.
இரும்பைக் கேட்பவனை
பாம்பன் பாலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.
மீனெண்ணெய் தடவலாமா என்று இன்னாசி கேட்டான்.
தடவு, சப்பரத்துக்குப் பின்னால் ஜனம் வரும்,
உனக்குப் பின்னால் பூனை வரும் என்றேன்.
சிரித்தான். வேப்பெண்ணெய் போட்டேன்.

விளிம்புதான் நேரம் பிடிக்கும்.
தண்ணீர் தொட்டு, புளியங்கொட்டைப் பசை தொட்டு
சங்கின் முதுகால் தேய்க்க வேண்டும்.
கீழக்கரையில் அறுக்கும்போது கழித்த சங்கு.
வளையலுக்கு ஆகாது, ஊதவும் ஆகாது,
உள்ளே புழு தின்ற ஓட்டை.
வெளியே மட்டும் வழவழ.
கை சுடும்வரை தேய்த்தால்
விளிம்பு நாவற்பழத்தோல் போல்
கருத்து மினுங்கும்.
கழுத்தில் அறுக்காது.
அறுக்காத வாரை யாரும் நினைப்பதில்லை,
அதுதான் அதற்கு மரியாதை.

தடைக்காலம் முடிந்த மறுநாள்
பாதிப் பணம் கொடுத்தான்.
'முதல் பாடு வரட்டும்க்கா, மீதி.'

கொடியேற்றத்துக்குப் பதினோரு நாள் இருக்க
படகு போனது. ஏழு பேர்.
பிடித்துவிட்டார்கள்.
மன்னார் என்றார்கள், பிறகு யாழ்ப்பாணம் என்றார்கள்.
டோக்கன் ஆபீஸ் சுவரில் பட்டியல்,
ஐந்தாவது பெயர் 'இராசி'.
யாரோ அவசரத்தில் எழுதியது.
பேனா கேட்டு வாங்கித் திருத்தினேன்.

தம்பி கிளாட்வின் வந்தான்,
மீதிப் பணம் முழுக்கப் பத்து ரூபாய்த் தாளாக.
பெரிய டிரம் இல்லாமல்
சந்தியாகப்பரை இறக்க முடியாது, அவனை நிறுத்தியிருக்கிறார்கள்.
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற தோள்.
இரண்டும் ஒரே மட்டம்.
வாரைப் போட்டால் டிரம் தொடைக்கு வந்தது.
'ஒம்பது இஞ்ச் வெட்டிடுங்கக்கா.'
கத்தி கையில்தான் இருந்தது.
சாணை பிடித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

உளியை எடுத்தேன்.
உள்ளே தள்ளி மூன்று துளை.
மிஞ்சிய வாலை மடக்கிச் செருக
ஒரு சின்ன வளையம் தைத்தேன்,
மெழுகு நூலில், இரட்டைத் தையல்.
'ஏன்க்கா, வெட்டினா சுலபம்ல?'
தோல் என்ன விலை விற்கிறது தெரியுமா உனக்கு
என்று எரிந்து விழுந்தேன்.
பிள்ளை பயந்துவிட்டான்.

கொடி ஏறிய ராத்திரி
கூட்டத்தில் நின்று டிரம்மைக் கேட்கவில்லை,
வாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாவது பாட்டில் வால் நழுவியது.
அவன் அடிக்க அடிக்க
அது தொடையில் தனியாக அடித்தது,
அரைக்கால் தாளம் பிந்தி.
பேண்டு மாஸ்டர் முறைத்தார்.
கிளாட்வின் கவனிக்கவில்லை,
கண்ணை மூடியிருந்தான்.

வளையம் கொஞ்சம் அகலம்.
நாளைக்கு வரச்சொல்லி
இன்னொரு தையல் போட வேண்டும்.